கீழ்க்கிராமத்துக்குப் போன செவலைக் கோழி

இலங்கை மலைநாட்டில், பதுளைக்கு இன்னும் ரயில் வந்து சேராத காலம் அது. லுணுகலையிலிருந்து மடுல்சீமைப் பக்கமாக ஏறிப் போகும் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தேன். வளர்ந்து முற்றிய தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்து மட்டம் செய்யும் வேலைக்குத்தான் கவ்வாத்து என்று பெயர். வளைந்த கத்தி, தலைமயிரைச் சிரைக்கிற அளவுக்குத் தீட்டி வைத்திருப்போம். ஒரு நாள் காலை, பனி காயாத செடியில் அந்தக் கத்தி வழுக்கி என் இடது பாதத்தின் மேல் இறங்கிவிட்டது.

வெட்டு ஆழமானது. தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவரை நாங்கள் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவோம். அவர் தையல் போட்டார். தையலுக்குள் சீழ் வைத்தது. காய்ச்சல் வந்து, என்னைக் கட்டிலோடு கிடத்தி, எலும்பும் தோலுமாக்கிவிட்டுப் போனது. ஒருவழியாகப் புண் மூடியபோது டாக்டரய்யா என்னைப் பார்த்து, "இனிமே நடந்து பழகணும்" என்றார். என் மனைவியைப் பார்த்து, "தினம் ஒரு முட்டை குடு. உடம்புல ஒண்ணுமில்ல" என்றார்.

அவர் சொன்ன இரண்டில் முட்டை தின்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நடப்பதுதான் முடியவில்லை. முதல் தடவை காலை ஊன்றியபோது வலி உச்சந்தலைவரை ஏறியது, அப்படியே சரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு பாதத்தைத் தரையில் வைக்கவே பயம். மனைவி விடிவதற்குள் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். நான் எங்கள் லயத்துக் காம்பிராவில், வரிசையாகக் கட்டிய வீடுகளில் ஒன்றான அந்த ஒற்றை அறையில், சுவரில் சாய்ந்துகொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே போக வேண்டுமானால் பிட்டத்தால் நகர்ந்து போவேன். கங்காணி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். பேசாமல் போனதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. வேலைக்கு ஆகாதவனுக்குக் காம்பிரா எதற்கு என்று ஒரு நாள் கேட்கத்தானே செய்வார்கள்.

லயத்துக்குப் பின்னால் மனைவி சில கோழிகள் வளர்த்தாள். மழைக்காலத்தில் சீக்கு வந்து மற்றவை எல்லாம் செத்துப்போக, ஒரு செவலைப் பெட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் முட்டைகளைத்தான் நான் தின்றுகொண்டிருந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் கிழிந்த கொழுந்துக்கூடை ஒன்று கிடந்தது. அதில் வந்து முட்டையிட்டு, கொக்கரித்துவிட்டு, வெளியே ஓடிவிடும்.

ஒரு நாள் அது வெளியே ஓடவில்லை.

வேலை முடிந்து வந்த மனைவி கூடைக்குள் கையை விட்டாள். உடனே வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். புறங்கையில் கொத்து விழுந்திருந்தது.

"அடைக்கு உக்காந்துருச்சுங்க" என்றாள்.

"முட்டை?"

"நேத்து நீங்க தின்னதுதான் கடைசி."

அடைக்கு உட்கார்ந்த கோழி முட்டையிடாது. குஞ்சு பொரிக்கும் நினைப்பில் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். அடியில் வைத்துப் பொரிக்கவிட்டாலாவது குஞ்சாவது கிடைக்கும். ஆனால் வைக்க முட்டை ஏது? எல்லாவற்றையும் நான்தான் தின்று முடித்திருந்தேனே.

அடையைத் தெளிய வைக்க மனைவி என்னென்னவோ செய்தாள். தண்ணீர் பிடிக்கும் பீலிக்குக் கொண்டுபோய்க் குளிர்ந்த தண்ணீரில் வயிறு நனைய முக்கி எடுத்தாள். காலில் கயிறு கட்டி வெயிலில் நிறுத்தினாள். பக்கத்துக் காம்பிராவில் இருந்த பெண், எனக்கு மதினி முறை, ஒரு சின்ன இறகைப் பிடுங்கி அதன் மூக்குத் துளையில் செருகிவிட்டால் சரியாகும் என்றாள். அதையும் செய்தார்கள். இறகை மூக்கில் மீசை மாதிரி வைத்துக்கொண்டே கோழி திரும்ப வந்து கூடையில் உட்கார்ந்தது. கூடையை எடுத்து வெளியே வீசினாள். வெறுந்தரையில் உட்கார்ந்தது. தரையில் தண்ணீர் ஊற்றினாள். என் கம்பளியின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்தது. கடைசியில் அவளே தோற்றுப்போய்க் கூடையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இருந்து தொலை" என்றாள்.

பகல் முழுவதும் எனக்குத் துணை அந்தக் கோழிதான். அதைத் தவிரப் பார்க்க வேறு ஒன்றும் இல்லை. பார்க்கப் பார்க்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிக் கூடைக்குள் போட்டு வைத்திருந்தது. இறகு போன இடத்தில் தோல் சிவந்து வெறுமையாகத் தெரிந்தது. நாளைக்கு ஒரு தடவைதான் இறங்கும். அவசரம் அவசரமாக நாலு குருணையைக் கொத்தும், தண்ணீர் குடிக்கும், வடிகால் கானோரத்து மண்ணில் புரண்டு உதறும், நாற்றம் தாங்க முடியாத எச்சத்தைப் போடும், யாரோ கூப்பிட்ட மாதிரி ஓடிவந்து திரும்ப உட்காரும். கூடையில் ஒரு முட்டைகூட இல்லை. அது தெரியாமலா இருக்கும்? அலகால் அடியில் தள்ளித் தள்ளி எதையோ புரட்டுகிறதே, எதைப் புரட்டுகிறது? இதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஒரு நாள் சும்மா சோதித்துப் பார்க்க, கைக்கு எட்டிய ஒரு கூழாங்கல்லை அதன் அடியில் உருட்டிவிட்டேன். என்னை ஒரு கொத்துக் கொத்திவிட்டுக் கல்லை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டது. சாயங்காலம் அது இறங்கிய நேரத்தில் கல்லை எடுத்துப் பார்த்தேன். சுடவில்லை, ஆனால் உள்ளே உயிர் இருக்கிற மாதிரி ஒரு வெதுவெதுப்பு. மலைக்குளிரில் என் பாதம் எப்போதும் மரக்கட்டையாகக் கிடக்கும். அந்தக் கல்லைப் புண் ஆறிய இடத்தில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு சுகமாக இருந்தது. மனைவி வந்தபோது நான் ஒரு கையில் கல்லைப் பிடித்துக் காலில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். கோழி வெறுங்கூடையில் இருந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. என்ன செய்கிறேன் என்று கேட்டாள், சொன்னேன். என் கால் வெட்டுப்பட்ட நாளிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ்க்கிராமத்துப் பெண் வந்தாள். மலையின் அடிவாரத்தில் வயல்களோடு ஒரு சிங்களக் கிராமம் இருந்தது. அங்கிருந்து அவள் பலாக்கொட்டை, கீரை, வெற்றிலை என்று ஏதாவது கொண்டுவந்து லயத்தில் அரிசிக்கு மாற்றிக்கொண்டு போவாள். என் மனைவி வயதுதான் இருக்கும். எங்கள் வாசலைக் கடக்கும்போது உள்ளே கோழி அடைக்குரலில் 'க்ரக் க்ரக்' என்று முனகியது. அவள் அப்படியே நின்றாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகம் மாறியது.

அவளுக்குத் தமிழ் வராது. எங்களுக்குச் சிங்களம் வராது. பக்கத்துப் பக்கத்தில் எத்தனையோ வருஷம் இருந்தும் 'அரிசி', 'உப்பு', 'போதாது' என்கிற அளவுக்குத்தான் பேச்சு. ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது முழுவதும் எங்களுக்குப் புரிந்தது. கைகளைக் குவித்து முட்டைகளைக் காட்டினாள். அவற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் கோழியாகத் தோளை விரித்துக் காட்டினாள். பிறகு தரையோடு தரையாக ஒரு கையை ஓட விட்டு வந்து, கோழியின் கழுத்தைப் பிடித்துக் காட்டினாள். கீரிப்பிள்ளை. அவளுடைய அடைக்கோழியைக் கீரி கொண்டுபோய்விட்டது. அடையில் இருந்த முட்டைகள் வீணாகிவிட்டன. மற்றப் பெட்டைகள் முட்டையிடுகின்றன. ஆனால் ஒன்றும் அடைக்கு உட்காரவில்லை.

எங்களிடம் அடைக்கோழி இருக்கிறது, முட்டை இல்லை. அவளிடம் முட்டை இருக்கிறது, அடைக்கோழி இல்லை. எனக்கு விளங்குவதற்கு முன்னாலேயே இரண்டு பெண்களுக்கும் விளங்கிவிட்டது. வாசற்படியில் குந்தி உட்கார்ந்து, விரல்களாலும் கண்களாலும் ஒரு பேரம் நடந்தது. குஞ்சு பொரிக்கும்வரை கோழி அவள் வீட்டில் இருக்கும். குஞ்சுகள் அவளுக்கு. அதுவரைக்கும் நாளைக்கு ஒரு முட்டை எங்களுக்கு. குஞ்சுகள் தாயை விட்டுப் பிரிந்ததும் கோழி திரும்ப எங்களுக்கு. பேரம் முடிந்ததும் மனைவி, "சரிதானே அக்கா?" என்றாள். அந்த ஒரு சொல் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருந்தது. அவளும், "அக்கா" என்று சொல்லித் தலையாட்டினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அக்கா என்று சொன்னது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

கோழியைத் தன் முந்தானையில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். பக்கத்துக் காம்பிரா மதினி வந்து கூடையைப் பார்த்துவிட்டு, "குடுத்துட்டியாடி? இந்நேரம் கொழம்புல கொதிச்சிருக்கும்" என்றாள். மனைவி வெறுங்கூடையை எடுத்து அடுப்போரமாகத் தள்ளி வைத்தாள். ஆனால் அன்றிரவு அவளுக்குச் சோறு இறங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

முட்டை வந்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள், வெற்றிலைக் கூடையின் மேல் வைக்கோலில் பொதிந்து இரண்டு முட்டைகள். மனைவி வேலைக்குப் போன நேரத்தில் வந்தால் வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துக் கையைக் காட்டுவாள். கோழிக்குச் சிங்களத்தில் கிகிலி என்று சொல்வார்கள் என்பதை அவளிடமிருந்து பிடித்துக்கொண்டேன். நான் "கிகிலி?" என்று கேட்பேன். அவள் உடனே தோளை உப்பவைத்து, கழுத்தை உள்ளே இழுத்து, கண்ணைப் பாதி மூடிக் காட்டுவாள். அச்சு அசல் எங்கள் செவலைக் கோழிதான். நன்றாக அடை இருக்கிறது என்று அர்த்தம். அவள் போன பிறகு நான் தனியாக உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது அதன் அடியில் உண்மையான முட்டைகள் இருக்கின்றன. வெறுங்கூடையில் இருந்ததற்கும் இதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியுமா? எங்கே வைத்திருக்கிறாள்? கூடையிலா, பானையிலா? எந்த நாளில் பொரிக்கும்? படுத்துக் கிடக்கிறவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்.

பிறகு ஒரு நாள் முட்டை வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

மதினி வாசலில் நின்று, "நான் அன்னைக்கே சொல்லல?" என்றாள். மனைவிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை நானே எறங்கிப் போயி ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வர்றேன்" என்றாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். குஞ்சு வெளியே வரவேண்டிய நேரம் நெருங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு அந்தப் பெண் ஏமாற்றியிருப்பாள் என்று தோன்றவில்லை. அந்த மாதிரித் தோளை உப்பிக் காட்டுகிறவள் கோழியைக் குழம்பு வைத்திருக்க மாட்டாள். ஆனால் ஏதோ நடந்திருக்கிறது. என்ன நடந்தது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை.

மறுநாள் மனைவி வேலைக்குப் போனதும் ஒரு மம்பட்டிக் காம்பை எடுத்து ஊன்றிக்கொண்டு எழுந்தேன். வாசலைத் தாண்டும்வரைதான் போய்ப் பார்ப்பது என்று நினைத்தேன். வாசலைத் தாண்டியதும், லயத்து முடிவுவரை என்று நினைத்தேன். அங்கிருந்து கீழே கிராமத்துப் புகை தெரிந்தது. வருஷக்கணக்காக மேலிருந்து அந்தப் புகையைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவையும் இறங்கிப் போனதில்லை. தேயிலை வரிசைகளுக்கு நடுவே செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினேன். சில இடங்களில் உட்கார்ந்து சறுக்கினேன். தோட்டத்து எல்லையில் ஒரு ஓடை. கற்கள் பாசி பிடித்திருந்தன. காம்பை முன்னால் ஊன்றி, வெட்டுப்பட்ட காலைத் தண்ணீருக்குள் விட்டேன். பனிக்கட்டி மாதிரி இருந்தது. வலிக்கிறதா, குளிர்கிறதா என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தக் கரையில் ஏறியதும் வேறு ஒரு ஊர். படிப்படியாக வயல், பாக்கு மரங்கள், பலா மரத்தடியில் மண்சுவர் வீடுகள். எங்கள் மலையில் எங்கு பார்த்தாலும் ஒரே செடி. இங்கே ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஒரு நாய் குரைத்தது. வீட்டுக்குள்ளிருந்து அவள் வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும், "என்ன, என்ன" என்றாள். என்ன வேண்டும் என்று தமிழில் கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, "ஒண்ணுமில்ல, கோழியப் பாக்க வந்தேன்" என்றேன். அவள் கையை அசைத்துத் திரும்பவும், "என்ன, என்ன" என்றாள். சிங்களத்தில் அதற்கு 'வாருங்கள்' என்று அர்த்தம் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

முற்றத்தில் ஒரு மூலையில் இறகுகள் குவித்து வைக்கப்பட்டிருந்தன. வெள்ளை, கறுப்பு, புள்ளி போட்டது, பல கோழிகளின் இறகுகள். பக்கத்தில் கோழிக்கூட்டின் கம்பிகள் பிய்ந்து தொங்கின. நான் அதையே பார்ப்பதை அவள் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் மூடி போட்ட ஒரு கூடை இருந்தது. அதை என் முன்னால் நீட்டினாள். உள்ளே கோழி புரண்டு சத்தம் போட்டது. எங்கள் செவலைக் கோழியின் குரல்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த நேரத்தில் அவள் கணவன் வயலிலிருந்து சேற்றுக் காலோடு வந்தான். அவன் தோட்டத்துக்கு விறகு வண்டி ஓட்டினவன். கொஞ்சம் தமிழ் பேசுவான். கூட்டைக் காட்டிச் சொன்னான்.

"மரநாய் வந்தது. எல்லாம் கடிச்சது. ஒண்ணும் இல்லே."

"இந்தக் கோழி?"

"இது குசினியிலே இருந்தது. உள்ளே. அதுதான் தப்பிச்சது." பிறகு தன் மனைவியைக் காட்டினான். "முட்டை குடுக்கறேன்னு சொன்னது. இப்ப முட்டை இல்லே. அக்கம்பக்கம் கேட்டா, கெடைக்கலே. முட்டை குடுக்காம உங்க கோழியை வச்சிருக்கறது சரி இல்லேன்னு சொல்றா. மொதல் நாளே கொண்டாந்து விடணும். இன்னைக்குப் பொரிக்கும், நாளைக்குப் பொரிக்கும்னு பாத்துட்டா. அதுக்கு வெக்கமா இருக்கு அவளுக்கு."

அவள் கூடையை நீட்டியபடியே நின்றாள். அதை வாங்கிக்கொண்டேன். நீட்டினதை வாங்குவது கையின் பழக்கம், வாங்கிவிட்டேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

"அடை வச்ச முட்டை எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

அவன் என்னைக் குசினிக்குள் கூட்டிப் போனான். அடுப்புக்குப் பின்னால், வாய் உடைந்த ஒரு பெரிய பானை. பாதிக்குமேல் மணலும் வைக்கோலும். மேலே முட்டைகள், திறந்தபடி. இத்தனை நாளும் இதைத்தானே எப்படி இருக்கும், எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குந்தி உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன். நான் தின்ற முட்டைகளைப் போலத்தான் வெளியே இருந்தது. ஆனால் கனம் வேறு மாதிரி. ஏதோ ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிற கனம். காதில் வைத்துப் பார்த்தேன்.

உள்ளே ஏதோ தட்டியது. நகத்தால் சுரண்டுகிற மாதிரி. அப்புறம், மிக மெல்லியதாக, ஓட்டுக்குள்ளிருந்து 'கீச்' என்று ஒரு சத்தம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இன்னும் பிறக்காத ஒன்று பேசும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்தச் சத்தம் கேட்டதும் என் பக்கத்தில் இருந்த கூடைக்குள் கோழி ஒரு புதுக் குரலில் பதில் கொடுத்தது. எங்கள் வீட்டில் இருந்த வரைக்கும் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. தணிந்து, அடுக்கடுக்காக, கூப்பிடுகிற குரல்.

கூடையின் மூடியைத் திறந்துவிட்டேன். அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் பானையில் ஏறி, இறகை விரித்து, ஒவ்வொரு முட்டையாக அலகால் உள்ளே இழுத்துக்கொண்டு அமர்ந்தது. என் கையில் இருந்த முட்டையைக் கடைசியாக அதன் அடியில் வைக்கப் போனேன். நன்றாக ஒரு கொத்து வாங்கிக்கொண்டுதான் வைத்தேன்.

வாசலில் நின்ற அந்தப் பெண் சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் அடுப்பை ஊதி, சுடுதண்ணீரும் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியவன் கிளம்பவில்லை. முதல் ஓடு உடைவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருந்தேன். அவ்வப்போது கோழி கொஞ்சம் எழும்பும்போது எட்டிப் பார்ப்பேன். ஒரு முட்டையில் நட்சத்திரம் மாதிரி ஒரு கீறல். அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்காது. உள்ளே இருப்பது களைத்துத் தூங்குகிறதா, செத்துவிட்டதா என்று பதறிப்போவேன். மறுபடி தட்டும். அந்தக் கணவனும் வயலுக்குத் திரும்பிப் போகாமல் என் பக்கத்தில் குந்திக்கொண்டான். இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு பானைக்கு முன்னால் வேலை வெட்டி இல்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

வெயில் சாய்ந்தபோது நாய் மறுபடி குரைத்தது. வெளியே ஒரு பெண் குரல் பதறிப்போய் ஏதோ கேட்டது. என் மனைவி. வேலை முடிந்து காம்பிராவுக்கு வந்தவள் வெறும் கம்பளியைப் பார்த்து, லயம் முழுக்கத் தேடி, தேயிலைக்குள் காம்பு ஊன்றின குழிகளைப் பார்த்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறாள். ஓடையில் விழுந்தும் எழுந்திருக்கிறாள். சேலை இடுப்புவரை ஈரம். தலையில் கொழுந்துக்கூடைக் கயிறு அழுத்தின தடம் இன்னும் போகவில்லை. குசினி வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்தாள். முதலில் திட்டத்தான் வாயைத் திறந்தாள். பிறகு என் காலைப் பார்த்தாள். வீங்கியிருந்தது, சேறு அப்பியிருந்தது. இரண்டு பாதமும் தரையில் இருந்தன.

"நடந்தா வந்தீங்க?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. அதுவரை நான் நடந்ததாக நினைக்கவில்லை. கோழியைப் பார்க்கப் போனேன், அவ்வளவுதான்.

"ஆமா புள்ள" என்றேன். "இங்க வா, இதப் பாரு."

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு அழுதாள். அந்தச் சிங்களப் பெண்ணுக்கு எதற்கு அழுகிறாள் என்று தெரியவில்லை. முட்டை வராத கோபத்தில்தான் அழுகிறாள் என்று பயந்துவிட்டாள் போலும். தன் கணவனிடம் அவசரமாக ஏதோ சொன்னாள். அவன் கூட்டையும் மரநாயையும் பற்றி மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தான். என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு முற்றத்து இறகுக் குவியலைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். கூடையை நீட்டின கதையையும் நான் சொன்னேன். அவள் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "முட்டை கெடக்குது விடுங்கக்கா" என்றாள். 'அக்கா'வைத் தவிர மற்றது அவளுக்கு விளங்கியிருக்காது. ஆனால் பிடித்த கையை அவள் விடவில்லை.

இருட்டுவதற்கு முன்னால் முதல் குஞ்சு வெளியே வந்தது. நனைந்த பஞ்சு மாதிரி, அசிங்கமாகத்தான் இருந்தது. கழுத்து நிற்கவில்லை. ஓட்டிலிருந்து ஒரு காலை உதறி விடுவித்துக்கொண்டு, கொஞ்சம் ஊர்ந்து, கோழியின் நெஞ்சில் இறகு போன அந்த வெற்றுத் தோலில் போய் ஒட்டிக்கொண்டது. இறகை ஏன் பிடுங்கிப் போட்டது என்று அப்போது விளங்கியது. வெறுங்கூடையில் எதைப் புரட்டியது என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

மேலே ஏறுவது இறங்கியது மாதிரி இல்லை. அந்தக் கணவன் ஒரு பக்கம், என் மனைவி ஒரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்தார்கள். செங்குத்தான இடத்தில் அவன் என்னை முதுகில் தூக்கிக்கொண்டான். லயத்து வாசலில் மதினி விளக்கோடு நின்றாள். ஒரு சிங்கள ஆள் என்னைச் சுமந்துகொண்டு வருவதைப் பார்த்து அவள் விளக்கை உயர்த்திப் பிடித்து வழிவிட்டாள். மறுநாள் பாதம் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. டாக்டரய்யா வந்து வாய்க்கு வந்தபடி ஏசினார். ஏசிவிட்டு, நடப்பதை மட்டும் இனி நிறுத்தக் கூடாது என்றார். நிறுத்தவில்லை. கொஞ்ச நாளில் பெரட்டுக்குப் போய் நின்றேன். கவ்வாத்துக்கு இல்லாமல் முதலில் கான் சுத்தம் செய்கிற லேசான வேலைக்குத்தான் அனுப்பினார்கள். அதுவும் போதும் என்றிருந்தது.

குஞ்சுகள் தானாகக் கிளறித் தின்னத் தொடங்கியதும் அந்தப் பெண் கோழியைக் கொண்டுவந்தாள். பேச்சில் இல்லாத இரண்டு பெட்டைக் குஞ்சுகளையும் கூடவே விட்டாள். மனைவி வேண்டாம் என்று மறுத்தாள். வந்தவளோ மொழி புரியாதவள் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போய்விட்டாள். புரிந்துதான் போனாள் என்று எனக்குத் தெரியும். நாங்கள் அந்தத் தோட்டத்தை விட்டுக் கொஸ்லந்தைப் பக்கம் போகும்வரை இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்து இருந்தது. எனக்குக் கொஞ்சம் சிங்களமும் வந்தது. என் மனைவிக்கு என்னைவிட நன்றாகவே வந்தது.

அன்றைக்கு நான் அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியிருந்தால் ஒருவரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள், கோழி எங்களுடையது. அவளும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாள், ஆறிப்போகும் முட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருப்பாள். இதை நினைக்கும்போதெல்லாம், எனக்குச் சேர வேண்டியது என்று ஒன்றை யாராவது என் முன்னால் நீட்டினால், வாங்குவதற்கு முன்னால் அவர்களுக்குப் பின்னால் அந்த வீட்டில் என்ன திறந்து கிடக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்க்கத் தோன்றுகிறது.